சந்தைக்குப் போகிற நாள் முழு மாத்திரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நர்ஸ் பெண்களுக்கும் பையன்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் இந்த வேலையில் இருந்தவள், ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. அதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் என் தலைக்கனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அது எப்படி ஊதிப் பெருத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து வந்த அதிகாரியின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் வெடித்தது என்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. தாலி கட்டும்போது களுக்கென்று சிரித்துவிட்டேன்; என் மாமியார் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய நர்ஸம்மா திட்டத் திட்ட நான் சிரித்ததற்கு மூன்று மெமோ வாங்கியிருக்கிறேன். இந்தக் கதையிலும் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பல வருடங்கள் நான் இருந்தது வெள்ளிக்கிழமை கிளினிக்கில். தர்மபுரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்கள் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே கோளாறு, இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிக்கிற இதயத்தில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். அது நடக்காமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரை. அளவு குறைந்தால் வாய் கோணும். கூடினால் ரத்தம் நிற்காது. ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வோம். அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. இப்போது புது மாத்திரைகள் வந்துவிட்டன, அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டியதில்லை என்கிறார்கள். நல்லது. ஆனால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றைக்கும் இந்தப் பழைய மாத்திரைதான், அதனால் நான் சொல்வது உங்களுக்கும் உதவும்.

சிக்கல் எங்கே என்றால், அளவைப் பிரிப்பதில். ஒருவருக்கு வாரத்துக்கு நான்கு மாத்திரை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் அரை, ஒரு நாள் முழுசு. உங்களுக்கும் எனக்கும் இது சாதாரணம். ஆனால் அவர்களுக்கு அட்டையில் கிழமை போட்டு எழுதிக் கொடுத்தால், அட்டை நேராகப் பீரோவுக்குள் போய்விடும். பத்திரமாம்! ஒரு பெரியவர் “வாரத்துக்கு நாலு” என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, “இந்த வாரத்து வேலை முடிஞ்சுதுங்க” என்று வந்து சொன்னார்.

இண்டூர் அம்மா ஒருத்தி இன்னும் மேலே போனாள். மாத்திரை சீக்கிரமாகத் தீர்ந்துபோகிறதே என்று விசாரித்தால், புருசனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

“அவருக்கு எதுக்குங்கம்மா? அவரு நல்லாத்தான இருக்காரு?”

“நீதான கண்ணு அரை சாப்டச் சொன்ன? மீதி அரையத் தூக்கிப் போட மனசு வருமா? அவரும் வூட்ல சும்மாதான் உக்காந்துருக்காரு. அதான் குடுத்துட்டேன்.”

அந்த மனிதரைப் பிடித்து வந்து ரத்தம் பார்த்தோம். நல்ல வேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை. “எனக்கு எதுக்குடி சொல்லாம குடுத்த?” என்று அவர் கேட்க, “கேட்டா சாப்ட மாட்டீங்கல்ல” என்று அவள் சொல்ல, கிளினிக்கே சிரித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. ஒரு பெரியம்மாவிடம், “ஏங்கம்மா, இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேட்டேன். “கெழமையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்கூரு சந்தை போயி மூணு நாளாச்சு” என்றாள். அப்படியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள் சந்தை. கிழமை மறந்தாலும் சந்தையை யாரும் மறக்க மாட்டார்கள். காய் வாங்க வேண்டும், ஆடு விற்க வேண்டும், சம்பந்தியைப் பார்த்து வம்பு பேச வேண்டும். வாரத்துக்கு ஒரு முழு மாத்திரையா? சந்தைக்குப் போகிற நாள் முழுசு, மற்ற நாள் அரை. அவ்வளவுதான். அட்டையும் வேண்டாம், பீரோவும் வேண்டாம்!

வேலை செய்தது. ஐயோ, எப்படி வேலை செய்தது! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கடகடவென்று ஒப்பித்தார்கள். எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கன்னடக்காரர் ஒருவர், “சந்தெ தின பூர்த்தி, மிக்க தின அர்த” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே பாடம் எடுத்தார். நான்கைந்து மாதத்தில் பாதிப் பேருடைய எண்கள் ஒழுங்காக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் தரையில் நடக்கவில்லை. காய்கறிக்காரியிடம் சொன்னேன், பஸ் கண்டக்டரிடம் சொன்னேன், எங்கள் தெருக் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாதவர்களுக்கும் சொன்னேன்.

எங்கள் பெரிய டாக்டர் மட்டும் குதிக்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, “நல்லா இருக்கு சிஸ்டர். இது யாருக்கு ஒத்து வராதுன்னு யோசிச்சீங்களா?” என்று கேட்டார்.

“ஒத்து வராதவங்களே கிடையாதுங்க சார்!” என்றேன். இந்த வாக்கியத்தை நீங்கள் யாராவது சொல்லக் கேட்டால், உடனே அவர்கள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிடுங்கள்.

விஷயம் மேலே போனது. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறார், பிடித்திருந்தால் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்வார் என்று தகவல் வந்தது. அந்தச் சமயத்தில்தான் ரஹீம் பாய் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

பாய்க்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒரு காலையில் வியாபாரத்தில் உட்கார்ந்திருந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அரை மணி நேரம் பேச்சு வரவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. சோதித்ததில் வால்வு சுருங்கியிருந்தது, துடிப்பும் தாளம் தப்பியிருந்தது. அடுத்த முறை அரை மணி நேரத்தில் சரியாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவருக்கே அது தெரியும். அவருடைய அண்ணன் பக்கவாதம் வந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தவர்.

“மௌத்து வந்தா வரட்டும் சிஸ்டரம்மா, அதுக்கு நான் பயப்படல. அண்ணன் மாதிரி கெடக்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணிக்கு வாயத் தொறந்து காட்டிக்கிட்டுக் கெடந்தாருங்க. அது மட்டும் வேணாம்.”

அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். “பாய், மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க. அது வராம நான் பாத்துக்கறேன்” என்றேன். பெரிய டாக்டர் வார்டிலேயே வைத்து அளவு பார்த்து, வாரத்துக்கு நான்கு மாத்திரை என்று முடிவு செய்து என்னிடம் அனுப்பினார். அட்டையில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. “என்ன தொழில் பாய்?” “வியாபாரம்ங்க.” வியாபாரம் என்று எழுதினேன். பேனா நிற்கவே இல்லை.

“சந்தைக்குப் போற நாள் முழுசு. சந்தைக்குப் போகாத நாள் அரை. புரிஞ்சுதா?”

“இவ்ளோ சுளுவா இருக்கே! இதத் தப்பாப் பண்ண முடியுமாங்க?” என்று சிரித்தார். கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? அதிகாரி வரும்போது ஒப்பிக்க இவர்தான் சரியான ஆள் என்று போனது. மருந்தை ஆரம்பித்தவரை ஒரு வாரத்தில் வரச் சொல்லி ரத்தம் பார்க்க வேண்டும். நான் அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமைக்கு வரச் சொன்னேன். அதற்கு மூன்று வாரம் இருந்தது. இதை இவ்வளவு வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த உடுப்பில் வந்தேன், உட்காரக்கூட முடியவில்லை. வாசலில் கோலம், துடைத்து வைத்த பெஞ்சுகள், சுவரில் சந்தைப் படம் வரைந்த அட்டை. நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்து இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். இண்டூர் அம்மாவிடம் மட்டும், “நீங்க வாயே தொறக்கக் கூடாது” என்று சொல்லி வைத்தேன்.

அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர், எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். கூடவே பெரிய டாக்டரும், அன்றைய டூட்டியில் இருந்த இளம் டாக்டரும். நான் ரஹீம் பாயை எழுப்பி நிறுத்தினேன். பக்கத்தில் அவர் மனைவி ஜமீலா. பாய் கட்டை விரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

“சந்தைக்குப் போற நாள் முழுசு! சந்தைக்குப் போகாத நாள் அரை!” பாயின் குரல் காரிடாரின் கடைசி வரைக்கும் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்து, பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸ் ஆள் செல்போனில் படம் எடுத்தார்.

அதிகாரி கையை எடுத்தபோது அவருடைய சட்டைக் கை முழுக்க ரத்தம்.

“ஐயய்யோ, மன்னிச்சுக்குங்கய்யா” என்று பாய் பதறிப்போய், நழுவிய கைக்குட்டையைத் திரும்பச் சுற்றினார். “திங்கக்கெழம அரிவா பட்டுது. சின்னக் கீறல்தான். நிக்க மாட்டேங்குது.”

திங்கள்கிழமை பட்ட கீறல், வெள்ளிக்கிழமையும் ஒழுகுகிறது. பாய் சங்கடத்தில் சிரித்தார்; பல் ஈறெல்லாம் சிவப்பு. முழங்கையில் பெரிய நீலத் திட்டு. ஜமீலா மெதுவாக, “பல்லு தேச்சா ரத்தமா வருதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். வெள்ளிக்கெழம பெரிய ஆபீசர் வர்றாரு, சிஸ்டரம்மா அன்னிக்குத்தான் வரச் சொல்லிருக்காங்கன்னுட்டாரு” என்றாள்.

உடனே ரத்தம் எடுத்து அனுப்பினோம். எங்கள் லேப் அம்மா எப்போதும் ஜன்னலிலிருந்தே எண்ணைக் கத்திச் சொல்லுவாள். அன்று நடந்து வந்து சீட்டை என் கையில் வைத்தாள். எட்டைத் தாண்டியிருந்தது. எங்கேயாவது தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் மூளைக்குள் ரத்தம் கசியக்கூடிய அளவு.

இளம் டாக்டருக்கு வேர்த்துவிட்டது. பாவம், அதிகாரி முன்னால் இப்படி. “பெரியவரே, மாத்திரையக் கன்னாபின்னான்னு சாப்ட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்கய்யா. சொன்னபடிதான் சாப்ட்டனுங்க. ஒரு நா தவறல.”

“வயசாயிட்டா இப்படித்தான் சார், குழம்பிக்குவாங்க” என்று இளம் டாக்டர் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, எழுத ஆரம்பித்தார். “இந்த மாதிரி நம்ப முடியாதவங்களுக்கு இந்த மருந்தே குடுக்கக் கூடாது. இப்ப ரத்தம் நிக்க ஊசி போட்டுருவோம். வார்ஃபரின் இனிமே வேணாம், நிரந்தரமா நிறுத்திரலாம்.”

பாய் என்னைப் பார்த்தார். திட்டினாலும் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது, “அப்ப அண்ணன் மாதிரி ஆயிருமா சிஸ்டரம்மா?”

“பாய்,” என்றேன், “எந்தெந்த நாள் முழுசு சாப்ட்டீங்க?”

“சந்தைக்குப் போற நாளுதானுங்க.” நல்ல கையின் விரல்களை மடக்க ஆரம்பித்தார். “பாப்பாரப்பட்டி ஒரு நா. இண்டூரு ஒரு நா. பென்னாகரம் ஒரு நா...” ஐந்து விரலும் முடிந்து, கைக்குட்டை சுற்றிய விரலையும் மடக்கினார். “ஆறு. கத்தி, அரிவா, அரிவாமணையெல்லாம் வண்டில போட்டுக்கிட்டுப் போயி விரிச்சு உக்காந்துருவனுங்க. வெள்ளிக்கெழம மட்டும் தொழுகைக்காக வூட்ல இருப்பேன். அன்னிக்கு அரை. அல்லா சாட்சியா ஒரு நா தப்பலீங்க.”

நான் சிரித்தேன்.

ஆமாம், அங்கேயே, அதிகாரி முன்னால், ரத்தம் ஒழுகுகிற மனிதர் முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு நாள் முழுசு, ஒரு நாள் அரை. நான்கு மாத்திரை சாப்பிட வேண்டியவர் ஆறரை சாப்பிட்டிருக்கிறார், மூன்று வாரம், ஒரு நாள்கூடத் தவறாமல், நான் சொன்னபடியே. கத்தி விற்கிறவர்! சந்தை சந்தையாகக் கத்தி விற்கிற மனிதரிடம் போய், ரத்தம் இளக்குகிற மாத்திரையைச் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் முழுசாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை, அதனால் அவ்வளவு சிரித்ததுமில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

இங்கே நில்லுங்கள், பிள்ளைகளே. என் முன்னால் ஒரு கதவு திறந்திருந்தது. பெரியவர் குழம்பிவிட்டார் என்று இளம் டாக்டரே எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். என் முறை ஊரெல்லாம் போகும், என் படம் சுவரில் மாட்டப்படும். பாய்க்கு மாத்திரை மட்டும் நின்றுபோகும். அப்புறம் ஒரு நாள் அவருடைய அண்ணனின் படுக்கை அவருக்கு. உங்களுக்கும் இப்படி ஒரு கதவு ஒரு நாள் திறக்கும். ரொம்ப வசதியாக இருக்கும், சத்தமே போடாது.

“சார், எழுதாதீங்க” என்றேன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. விக்கி விக்கித்தான் சொன்னேன். “அவரு குழம்பல. நான்தான் என்ன வியாபாரம்னு கேக்காம எழுதிட்டேன். ஒரு வாரத்துல கூப்பிட்டு ரத்தம் பாத்துருக்கணும், ஐயா வர்ற நாளைக்குன்னு தள்ளிப் போட்டதும் நான்தான். முழுக்க என் தப்புங்க சார்.”

இண்டூர் அம்மா, “அதான் என்ன வாயத் தொறக்கக் கூடாதுன்னாங்களா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

பெரிய டாக்டர் முதலில் வேலையைப் பார்த்தார். பாயைக் கட்டிலில் படுக்க வைத்து, எங்கேயாவது விழுந்தீர்களா, தலை வலிக்கிறதா என்று கேட்டு, ஊசி மருந்தை மெதுவாக ஏற்றச் சொன்னார். அது முடிந்த பிறகுதான் அதிகாரி வாயைத் திறந்தார். “அப்ப இந்த முறையே தப்பா டாக்டர்?”

“முறைல தப்பில்லீங்க. ஒரு கேள்வி கொறையுது. எந்தெந்த நாள் சந்தைக்குப் போவீங்கன்னு கேட்டுட்டு எழுதணும். அதையும் சேத்துக்குங்க.”

அதிகாரி ரத்தக் கறைக் கையோடேயே அதை எழுதிக்கொண்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை விரல் ரத்தம் நின்றுவிட்டது. எண் இறங்கியது. ஜமீலாவிடம் நானே போய்ச் சொன்னேன், என்னால்தான் இப்படி ஆனது என்று. அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

“நாப்பத்தஞ்சு வருசமா நான் சொன்னது ஒண்ணக் கேட்டுருக்கியாய்யா நீ? குளிருது, சொட்டர் போடுன்னா போட மாட்ட. இவங்க சொன்னத மட்டும் எழுத்து மாறாமக் கேட்டுருக்க பாரு!”

பாய் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். எனக்கு உரிய தண்டனை அன்று மாலை வந்தது. நான் வார்டை விட்டுக் கிளம்பும்போது ஜமீலா என் கையைப் பிடித்து, “பயந்துட்டேம்மா” என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

இளம் டாக்டர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “எண் சரியானாலும், கத்தி விக்கிறவருக்குத் திரும்ப இந்த மாத்திரையக் குடுக்கலாமா சார்?”

“கையில வெட்டுனா கட்டுப் போட்டுரலாம். மூளைல அடைச்சா எங்க கட்டுப் போடுவீங்க?” என்றார் பெரிய டாக்டர். “அப்புறம், இவரு நம்ப முடியாத ஆளுன்னீங்க. இத்தன வருசத்துல சொன்னத இப்படி அச்சு மாறாமச் செஞ்ச நோயாளிய நான் பாத்ததில்ல. இவருக்கு மாத்திரைய நம்பிக் குடுக்கலாம். சிஸ்டர் கையில அட்டையக் குடுக்கலாமான்னுதான் யோசிக்கணும்.”

சொல்லிவிட்டு அட்டையை என்னிடமே நீட்டினார். அவர் என்னைத் திட்டியது இவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த அட்டையை எடுத்தாலும் என் காதில் அது கேட்கும்.

நான் அட்டையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாய் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, “தலகீழா எழுதிருங்களேன் சிஸ்டரம்மா” என்றார். “வூட்ல இருக்கற வெள்ளிக்கெழம முழுசு. சந்தைக்குப் போற நாளெல்லாம் அரை. அப்ப நாலுதான வருது?”

ஆறு அரை மூன்று, ஒரு முழுசு, மொத்தம் நான்கு! என்னால் சாகக் கிடந்த மனிதர், என் கோளாறை ஒரு நொடியில் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். இந்த முறை ஒரு வாரத்தில் ரத்தம் பார்த்தோம், அதற்கு அடுத்த வாரமும் பார்த்தோம். இரண்டரை. லேப் அம்மா ஜன்னலிலிருந்து கத்திச் சொன்னாள். நான் காரிடாரில் ஒரு சுற்றுச் சுற்றினேன், கஞ்சி போட்ட உடுப்போடு.

அதற்கு நடுவே ஒரு வேலை செய்தேன். அதுதான் உங்களுக்கு ரொம்பவும் முக்கியம். ஒரு தப்புத் தெரிந்தால் அது தனியாக இருக்காது, தேடுங்கள். பழைய அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். வாரத்தில் இரண்டு சந்தைக்குப் போகிற மாட்டுத் தரகர் ஒருவர் அகப்பட்டார். முட்டி வலியால் ஒரு வருடமாகச் சந்தைப் பக்கமே போகாத ஒரு பாட்டியம்மாவும் அகப்பட்டார். முழு மாத்திரையை அவர் கண்ணிலேயே பார்த்ததில்லை. எண்கள் சரியாக இருந்த நூறு பேரைப் பார்த்துக்கொண்டு நான் ஆடிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அதியமான்கோட்டையில் வீடு. பகலெல்லாம் வீட்டில் உட்கார என்னால் ஆகாது. பஸ் ஏறி ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்விடுவேன், அரைக் கிலோ தக்காளி வாங்குகிற சாக்கில். ரஹீம் பாய் கடை கண்ணில் படாமல் இருக்காது. பெரிய குடை, சாக்கு விரிப்பு, ஒவ்வொரு கத்திக்கும் அட்டை உறை, ஜமீலாவின் உத்தரவு. கணீரென்று விலை கூவிக்கொண்டிருப்பார். ஒரு எழுத்துக்கூடக் குழறாத அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் தக்காளி வாங்கப் போவேன்.

போன மாதம் அந்தக் குடைக்குக் கீழே எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

“சிஸ்டரம்மா, கோச்சுக்காதீங்க. உங்குளுதும் என்னுது மாதிரியே தாளம் தப்புது.”

சரியாகத்தான் சொன்னார். சோதித்தால் என் வால்வும் சுருங்கியிருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் மற்றவர்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் நெஞ்சு தெரியவில்லை பாருங்கள்! அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை, பழைய கிளினிக்கில், மேசைக்கு இந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தது உங்களில் ஒருத்தி, புதுப் பெண். என்னை அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

“அம்மா, வாரத்துக்கு நாலு மாத்திரை. சந்தைக்குப் போற நாள் முழுசு, மத்த நாள் அரை” என்று ஆரம்பித்தவள், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் நிமிர்ந்தாள். “ஆனா மொதல்ல சொல்லுங்க, எந்தெந்த நாள் சந்தைக்குப் போவீங்க?”

“அதெதுக்கு கண்ணு உனக்கு?”

“கேக்காம எழுதக் கூடாதும்மா. முன்னாடி இங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்களாம். கேக்காம எழுதிக் குடுத்து, ஒரு பெரியவர் சாகப் பொழைக்கக் கெடந்தாராம். அதுலருந்து எல்லாரையும் கேப்போம்.”

“அந்த சிஸ்டர் பேரு என்ன?”

“பேரெல்லாம் யாருக்கும்மா தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறுபடியும் வந்தது.

“ஏம்மா சிரிக்கிறீங்க?”

“பயமா இருக்குது கண்ணு. அதான்.”

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம். எத்தன சந்தைக்குப் போவீங்க, சொல்லுங்க.”

நான் விரல் விட்டு எண்ணி, நான்கு சந்தை என்று காட்டினேன். “அப்ப அஞ்சரை மாத்திரை ஆயிருமே!” என்று அவள் எழுத இருந்த கையை நிறுத்தி, அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.